சல்லடையில் தங்காதவள்

சுவருக்குக் காது உண்டு என்று சொல்லிச் சொல்லி நம்மை வளர்த்தார்கள். சென்னையில் நாவலூரைத் தாண்டி இருக்கும் கொன்றைவனம் அடுக்ககத்தில் சுவருக்கு மூக்கும் முளைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த மூக்குக்குப் பெயர் சல்லடை. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கதவு. வீட்டு அட்டையைக் காட்டினால் திறக்கும். குப்பையை உள்ளே வைத்துவிட்டுப் போய்விடலாம். ஈரக்குப்பை, உலர்குப்பை என்று யாரும் மெனக்கெட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. முகர்ந்து, எடைபோட்டு, உற்றுப் பார்த்து, அதுவே பிரித்துக் கீழே அனுப்பிவிடும். பழத்தோல் உரத்துக்கு, பால் கவர் மறுசுழற்சிக்கு, மாத்திரை அட்டை வேறொரு பெட்டிக்கு. இதை வாங்கலாமா என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேட்டபோது கையைத் தூக்கியவர்களில் ஏழாம் மாடி பி வீட்டு ஞானவேலும் ஒருவன். கடலில் போய்ச் சேரும் பிளாஸ்டிக்கை நினைத்து நல்ல எண்ணத்தோடுதான் தூக்கினான். இந்தக் கதையில் நல்ல எண்ணக்காரர்கள்தான் அதிகம். கெட்டவர்கள் வந்து போகும் நேரம் மிகக் குறைவு.

மூன்றாம் மாடியில் ஒரு பெண், தனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதைப் புருஷனிடம் எப்படிச் சொல்லலாம் என்று ஆசையாக யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்குள், 'புதுவரவுக்கு வாழ்த்துகள்! டயப்பருக்குத் தனிப் பை கீழே கிடைக்கும்' என்று வீட்டிலுள்ள எல்லோருடைய போனுக்கும் சல்லடையிடமிருந்து செய்தி போய்விட்டது. மாமியார் லட்டு பிடிக்க உட்கார்ந்துவிட்டாள். அடுக்ககமே சிரித்தது. கட்டின புருஷனைவிட சல்லடைக்கு நம்மைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று பெண்கள் லிஃப்டில் கேலி பேசிக்கொண்டார்கள். ஞானவேலின் மனைவி செண்பகவல்லியும் சேர்ந்து சிரித்தவள்தான்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிவிதா வந்தாள். அதோடு செண்பகவல்லியின் சிரிப்பு நின்றது.

நிவிதா அவளுடைய சித்தி மகள். பதினாறு வயது இளையவள். எழிலரசு என்ற பையனைக் காதலித்து, பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டு வந்திருந்தாள். அவன் வேறு சாதி. அவர்கள் ஊரில் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வேறு விளக்கம் தேவைப்படாது. "அவ எனக்குச் செத்துட்டா" என்று நிவிதாவின் அப்பா பரமசிவம் கோயில் வாசலில் நான்கு பேர் முன்னால் சொல்லியிருந்தார். பரமசிவம் சொன்ன சொல் தவறாதவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். செண்பகவல்லி பயந்தது அந்தப் பெயருக்குத்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்தால் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எழிலரசு மட்டும் புனேவுக்குப் போனான். அங்கே ஒரு வேலையையும் வீட்டையும் பார்த்துவிட்டு, ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அதுவரை நிவிதாவை உயிரோடு வைத்திருக்க வேண்டியது செண்பகவல்லியின் பொறுப்பு. அவள் பிசியோதெரபிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கும் நோயாளிகள் வருவார்கள். நிவிதாவின் கழுத்தில் ஒரு பட்டையையும் முகத்தில் ஒரு மாஸ்க்கையும் மாட்டி, நோயாளியாக வாசல் செக்யூரிட்டியைத் தாண்ட வைத்தாள். அந்த நோயாளி திரும்பி வெளியே போகவில்லை என்பதை எந்த மனிதனும் கவனிக்கவில்லை.

சல்லடை கவனித்தது. அந்த வாரம் முடிவதற்குள் செண்பகவல்லியின் போனில் ஒரு செய்தி: 'உங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்திருக்கிறார் போலிருக்கிறதே! வரவேற்கிறோம். தொடர்ந்து தங்குவதானால் சங்கத்தில் பெயரைப் பதிவு செய்யவும்.'

"இதுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்றாள் செண்பகவல்லி.

ஞானவேல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அது குப்பையப் பாக்கல செண்பகா, ஆளைப் பாக்குது. ஒரு வீட்டுல எத்தன பேர்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு சேரும், வண்டி எப்ப வரணும்னு அதுக்குப் புரியும். நாம ரெண்டு பேரும் எதத் திம்போம், எத மிச்சம் வைப்போம்னு ரெண்டு வருஷமாப் படிச்சு வச்சிருக்கு. நம்ம வீட்டுல யாராவது வாழைப்பழம் தொட்டிருக்கமா? இப்ப தினம் தோல் வருது. அப்புறம் முடி."

"முடியா?"

"உனக்குக் கழுத்தோட நிக்கற சுருட்டை முடி. இவளுக்கு இடுப்பு வரைக்கும். சீப்புல சிக்கினதச் சுருட்டிப் போட்டிருப்பா. போதாதா?"

"அவ்வளவு நுணுக்கமாவா பாக்கும்?"

"நுணுக்கமாப் பாக்கணும்னுதானே வாங்கினோம்."

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நிவிதா, "நான் வேணா சாப்பிடாம இருந்துக்கறேன் மாமா" என்றாள். ஞானவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "லூசு மாதிரிப் பேசாத, போய் உக்காரு" என்று அதட்டினான். பிறகு செய்திக்குப் பதிலாக 'விருந்தினர் இல்லை' என்பதை அழுத்தினான். 'மன்னிக்கவும், தொடர்ந்து கற்றுக்கொள்கிறோம்' என்றது சல்லடை. அது கற்றுக்கொள்வதுதான் இவர்களுக்குப் பிரச்சினை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். செண்பகவல்லி மறைத்தாள். நிவிதா உரித்த தோல், நிவிதா சாப்பிட்ட பிஸ்கட்டின் காகிதம், நிவிதாவின் தலைமுடி, நிவிதாவின் மாதவிலக்குப் பஞ்சு எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பையில் முடிச்சுப் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போனாள். திருவான்மியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. அங்கே ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் போடுவதற்கு மஞ்சள் பை வைத்த தொட்டிகள் உண்டு. மஞ்சள் பையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வண்டி வந்து அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடும். நிவிதாவின் ஒவ்வொரு நாளும் அந்தப் பையில் போய் விழுந்தது.

"உன் பையில என் அழுக்கத் தூக்கிட்டுப் போறியேக்கா" என்று ஒருநாள் அவள் கூசினாள்.

"உனக்குப் பால்பல் விழுந்தப்போ அதச் சாணியில உருட்டிக் கூரை மேல எறிஞ்சவளே நான்தான்டி. இப்ப என்ன புதுசா வெக்கம்?" என்றாள் செண்பகவல்லி.

நிவிதாவும் கெட்டிக்காரி. ஆப்பிளை விதையோடு தின்னப் பழகினாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முடியாகப் பொறுக்கினாள். அக்காவுக்கும் மாமாவுக்கும் டீ போட்ட தூளிலேயே தனக்கும் இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள். போனை ஊரிலேயே உடைத்துப் போட்டுவிட்டு வந்திருந்ததால், எழிலரசுவோடு பேசுவதெல்லாம் அக்கா போனில்தான். படம் எடுத்து அனுப்பு என்று அவன் கெஞ்சினாலும் செண்பகவல்லி விடவில்லை. ஒரு படம் எங்கே எப்படிப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனி முடிவதற்குள் சல்லடையின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஏழு-பி, இருவர் என்று பழையபடி காட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு மூவரும் பாயசம் வைத்துக் குடித்தார்கள். முந்திரி பாக்கெட்டின் உறை கைப்பைக்குள் போயிற்று.

"இல்லாம இருக்கறது எப்படின்னு நல்லாக் கத்துக்கிட்டேன்க்கா" என்று நிவிதா தம்ளரை வழித்துக்கொண்டே சொன்னாள்.

"வாயக் கழுவு முதல்ல" என்று செண்பகவல்லி சீறினாள்.

சித்தப்பா பரமசிவம் இடையில் இரண்டு தடவை போன் செய்தார். அதட்டலோ மிரட்டலோ இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"செண்பகம், அந்தப் புள்ள உன் வீட்டுப் பக்கம் வந்துச்சா?"

"இல்ல சித்தப்பா."

"வந்தா ஒரு வார்த்த சொல்லு தாயி. அப்பன் கோவத்துல நாலு சொல்லியிருப்பேன். பெத்த புள்ளய விட்டுர முடியுமா?"

"வந்தா சொல்றேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு வாசல் கதவின் தாழ்ப்பாளை மறுபடியும் சரிபார்த்தாள்.

ஆடி பிறந்தது. ஆடிப்பெருக்கும் வந்தது. காலையிலேயே நிவிதா குளித்து, எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கிளறி வைத்திருந்தாள். தலை ஆடிக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். நான் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன், வழக்கம் ஒன்றும் கெடவில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள். பிறகு கழுத்துக் கயிற்றைத் தொட்டுக்கொண்டு, "கயிறு மாத்தணும்க்கா. முதல் வருஷம்" என்றாள்.

எழிலரசு வீட்டில் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர்கள் இல்லை. பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபிறகு, இவள் ஆசைப்பட்டாள் என்பதற்காக ஒரு சின்னக் கோயிலில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டியிருந்தான். அம்மா செய்ததையெல்லாம் தானும் செய்ய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஓடிப்போன பெண்ணுக்கு அந்த ஆசை இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

செண்பகவல்லி அவளுக்குப் புதுக் கயிறு கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்தாள். தனக்கும் மாற்றிக்கொண்டாள். பழைய கயிறுகள் இரண்டும் தாம்பாளத்தில் கிடந்தன.

"அம்மா வாய்க்கால்ல விடுவாங்க. இங்க எங்கக்கா விடறது?"

"இங்க ஓடற தண்ணின்னா பக்கிங்ஹாம் கால்வாய்தான். அதுல விட்டா தாலிக் கயிறே மூக்கப் பொத்திக்கும்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் செண்பகவல்லி பழக்க தோஷத்தில் கைப்பையைத் திறந்தாள். நிவிதாவின் கயிற்றைக் கையில் எடுத்தாள். சீழும் ரத்தமும் துடைத்த பஞ்சுக்கு நடுவில் இந்தக் கயிறு கிடப்பதை நினைத்துப் பார்த்தாள். கை வரவில்லை. வாழப்போகிற பெண்ணின் கயிறு அது. குப்பையில் போட்டால் அவளுடைய வாழ்க்கையையே போட்ட மாதிரி ஆகிவிடாதா?

சல்லடையின் கதவுக்கு மேலே செம்புத் தகடு போட்ட இன்னொரு சின்னக் கதவு உண்டு. நிர்மால்யப் பெட்டி என்பார்கள். இதுவும் வீட்டு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். சங்கச் செயலாளர் திருநாவுக்கரசு கம்பெனிக்காரர்களோடு சண்டை போட்டு வாங்கியது. சாமிக்குப் போட்ட பூவும் கக்கூஸ் காகிதமும் ஒரே வழியில் போவதா என்று கேட்டவர் அவர். அதில் போடும் பழைய கயிறுகளைச் சங்கத்தார் கோவளத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுவார்கள். அந்தப் பெட்டிக்குள் கேமரா கிடையாது என்று திறப்பு விழாவில் மைக்கிலேயே சொல்லியிருந்தார்.

இரண்டு கயிறுகளையும் ஒரே வெற்றிலையில் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சேர்த்துச் சுருட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, செண்பகவல்லி அந்தச் செம்புக் கதவுக்குள் வைத்தாள். அத்தனை நாளும் மெஷினை ஏமாற்றியே பழகின கை, அன்றைக்குச் சாமி காரியம் என்றதும் ஏமாற்ற மறந்துவிட்டது.

மறுநாள் மாலை அழைப்பு மணி அடித்தது. நிவிதா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் செயலாளரின் மனைவி விசாலாட்சியம்மா நின்றிருந்தார். நல்ல மனுஷி. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் ரசத்தோடு வந்து நிற்பவர். இரண்டு கைகளிலும் தாம்பூலப் பைகள்.

"ஆடிப்பெருக்குக்கு நம்ம அபார்ட்மென்ட் சுமங்கலிங்களுக்கெல்லாம் தாம்பூலம் குடுக்கறோம்மா. உங்க வீட்டுக்கு ரெண்டு" என்றவர் செண்பகவல்லியின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னொரு சுமங்கலி யாரும்மா? ஊர்லேர்ந்து வந்திருக்காங்களா?"

செண்பகவல்லி கதவை இன்னும் கொஞ்சம் சாத்திப் பிடித்தாள். "ரெண்டா? யார் சொன்னா?"

"சல்லடதான் சொல்லிச்சு. உங்க வீட்டுலேர்ந்து ரெண்டு கயிறு வந்திருக்குதாம்."

"சாமிப் பெட்டியில கேமரா கிடையாதுன்னு சார் சொன்னாரே?"

"கிடையாதும்மா, சத்தியமா. தடவித்தான் பாக்கும். பூவு உரத்துக்குப் போகணும், கயிறு கடலுக்குப் போகணும். ரெண்டும் கலந்துட்டா பாவமில்லையா? பிரிக்கத் தெரிஞ்சாத்தானே பிரிக்கும்? அதான் எங்க வீட்டுக்காரர் அதுக்குன்னு சொல்லிக் குடுக்க வச்சாரு. எந்த வீட்டுல எத்தன கயிறுன்னு அது சொன்னத வச்சுத்தான் நாங்க தாம்பூலமே கட்டினோம்."

பொய்க்கு யோசிக்க நேரம் கிடைத்தால் நல்ல பொய்யாகச் சொல்லலாம். செண்பகவல்லிக்குக் கிடைக்கவில்லை. "ரெண்டுமே என்னுதுதான்மா. புதுக் கயிறு கட்டினதும் அறுந்துடுச்சு. மறுபடியும் வேற மாத்திக்கிட்டேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. விசாலாட்சியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஆடிப்பெருக்கு அன்னிக்கா? கட்டின கயிறா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு செண்பகவல்லியின் நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமத்தை அப்பி, "அம்பாள் காப்பாத்துவா. உங்க அம்மாகிட்டச் சொன்னியா? உடனே பரிகாரம் பண்ணணும்மா" என்றார்.

"அம்மா பயந்துக்குவாங்க. சொல்ல வேணாம்மா."

"பெத்தவகிட்டச் சொல்லாம?" என்று சொல்லிக்கொண்டே அவர் லிஃப்டுக்குள் போனார்.

அன்று இரவுக்குள் செயலாளரே போன் செய்துவிட்டார். "வீட்டுல சொன்னாங்கம்மா. ரெண்டு சுமங்கலின்னு மெஷின் தப்பாச் சொல்லிடுச்சு. ஒரே ஆள், கயிறு அறுந்து ரெண்டு தடவ மாத்தினதுன்னு நான் உள்ள திருத்திட்டேன். இனிமே அது குழம்பாது" என்றார். செண்பகவல்லி அவருக்கு நன்றி சொன்னாள். மனதாரச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்தவை அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தன. அவசரத்துக்கு என்று சங்கத்தில் எல்லோரும் ஒரு சொந்தக்காரரின் எண்ணைக் கொடுத்து வைப்பது வழக்கம். செண்பகவல்லி தன் அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள். விசாலாட்சியம்மா அந்த எண்ணுக்குப் போன் செய்து, உங்கள் மகளுக்குக் கயிறு அறுந்துவிட்டது, பரிகாரம் செய்யுங்கள் என்று அழாத குறையாகச் சொன்னார். அம்மா பதறிப்போய்த் தன் தங்கையிடம், அதாவது நிவிதாவின் அம்மாவிடம், சொல்லி அழுதாள். அக்கா தங்கைக்குள் அவர்கள் எதையும் மறைத்ததில்லை. மெஷின் ரெண்டு சுமங்கலின்னு சொல்லுச்சாம், ஆனா அறுந்ததுதானாம் என்று சித்தி வீட்டில் வந்து சொன்னபோது பரமசிவம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தனை கயிறு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். பதில் வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாராம்.

இரண்டு நாள் கழித்து, மதியம். செண்பகவல்லி ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரின் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். விசாலாட்சியம்மாவின் போன் வந்தது. குரலில் சந்தோஷம் வழிந்தது.

"உங்க சித்தி வந்தாங்கம்மா, பரிகாரத்துக்குத் தட்டு, பூ, பழமெல்லாம் எடுத்துக்கிட்டு. நான்தான் மேல கூட்டிட்டுப் போனேன். தங்கச்சிய வச்சிருக்கியே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அவங்க மணியே அடிக்கல. 'நிவி, அம்மா வந்திருக்கேன்டி'ன்னு கூப்பிட்டாங்க. பொண்ணு ஓடி வந்து தொறந்துச்சு. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்க பாரு, எனக்கே தாங்கல. தாயும் மகளும் சேந்துட்டாங்கன்னு நானே குங்குமம் வச்சு அனுப்பினேன்."

"எங்க அனுப்பினீங்கம்மா?"

"ஊருக்குத்தான். அப்பா கீழ கார்ல இருந்தாரு."

செண்பகவல்லி சித்தியின் எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சித்தப்பாவின் எண்ணும் அப்படியே. ஞானவேல் ஆபீசிலிருந்து ஓடி வந்தான். இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். பெத்தவங்க கூட்டிட்டுப் போனதுக்கெல்லாம் புகாரா என்று அங்கே கேட்டார்கள். சித்திக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, மகளை வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்றுதான் நினைத்திருப்பாள் என்று செண்பகவல்லி இன்றுவரை நம்புகிறாள். அதை நம்பவில்லை என்றால் அவளால் ஒரு வாய் சோறு இறக்க முடியாது.

மறுநாள் விடிந்ததும் அம்மா போன் செய்தாள். வயிற்று வலி தாங்காமல் நிவிதா விஷம் குடித்துவிட்டாளாம். எல்லாம் முடிந்துவிட்டதாம். பரமசிவம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

எழிலரசு புனேவிலிருந்து வந்தான். ஒல்லியான பையன். கண்கள் உள்ளே போயிருந்தன. ஊரில் அவனைச் சுடுகாட்டுப் பக்கமே விடவில்லை. நிவிதா கடைசிவரை தங்கள் வீட்டில்தான் இருந்தாள், எங்கேயும் போகவில்லை, இரண்டு மாதமாகத் தீராத வயிற்று வலி, அந்தக் கல்யாணக் கையெழுத்து ஏமாற்றி வாங்கியது என்று பரமசிவம் எழுதிக் கொடுத்திருந்தார். சாட்சிக்கு ஊரே இருந்தது. அவள் அந்த இரண்டு மாதமும் சென்னையில் நல்லபடியாக இருந்தாள் என்று காட்டினால் வழக்கு நிற்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"நான் சொல்றேன் தம்பி. எந்தக் கோர்ட்டுல வேணா ஏறிச் சொல்றேன்" என்றாள் செண்பகவல்லி. ஞானவேலும் தலையசைத்தான்.

"உங்க பேச்சு மட்டும் போதாதாம்க்கா. நீங்க அவளுக்குச் சாதகமான ஆளுன்னு தள்ளிடுவாங்களாம். வெளியாள் யாராவது வேணும்."

வெளியாள் விசாலாட்சியம்மா இருந்தார். மூவரும் சங்க அலுவலகத்துக்குப் போனார்கள். விசாலாட்சியம்மா ஒரு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் திருநாவுக்கரசு பேசினார்.

"அவங்க ஒரு அம்மாவ மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவுதான். வேற யாரையும் பாக்கல. இல்லையா?"

விசாலாட்சியம்மா கணவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "பாக்கல" என்றார், காற்று போல.

"கேமரா இருக்குமே சார்?" என்றான் எழிலரசு.

"அன்னிக்கு லிஃப்ட் கேமரா ரிப்பேர்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "தம்பி, எனக்கு உங்க கஷ்டம் புரியுது. ஆனா இங்க நூத்துக்கணக்கான குடும்பம் இருக்கு. நாளைக்கு உங்க மாமனார் ஆளுங்க அரிவாளோட வந்து நின்னா? நான் யார் பக்கமும் இல்ல. ஒண்ணு பண்ணுவோம். மெஷினக் கேப்போம். அதுக்குச் சாதியும் கிடையாது, சொந்தமும் கிடையாது. அது என்ன சொல்லுதோ, அத அப்படியே சீல் வச்சு உங்க வக்கீலுக்குத் தரேன்."

செண்பகவல்லிக்கு அப்போதே புரிந்துவிட்டது. வேண்டாம் சார் என்று சொல்ல வாயெடுத்தாள். எழிலரசு ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

திரையில் ஏழு-பி வந்தது. ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரே ஒரு சந்தேகம்: விருந்தினர் இருக்கலாம். அதன் கீழேயே குடியிருப்பவரின் பதில்: விருந்தினர் இல்லை. ஆனி கடைசியிலிருந்து நாள் தவறாமல் இருவர். இருவர். இருவர். எழிலரசு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அந்த முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு வாழைப்பழத் தோல் இல்லை. ஒரு நீள முடி இல்லை. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் இரண்டு கயிறு. பக்கத்தில் செயலாளரின் திருத்தம்: குடியிருப்பவர் சொன்னபடி, ஒருவருடையதே, கயிறு அறுந்தது.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார் திருநாவுக்கரசு. அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"அது சொல்லல சார். அத்தனையும் நான் சொன்ன பொய்" என்றாள் செண்பகவல்லி. "அவ இருந்தா தம்பி. அவ இருந்ததக் காட்டறதையெல்லாம் நான்தான் தினமும் பையில கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன். அவ உயிரோட இருக்கணும்னுதான் எடுத்துட்டுப் போனேன்."

எழிலரசு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தான் மறைச்சிருக்கீங்கக்கா" என்றான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

பிறகு அவனுக்கு ஏதோ தோன்றியது. சட்டென்று நிமிர்ந்தான்.

"அந்த ஆஸ்பத்திரிக் குப்பை? அதுல அவ முடி இருக்கும்ல? எங்க கொட்டுவாங்கக்கா? நான் போய்த் தேடறேன். எத்தன நாளானாலும் தேடறேன்."

ஞானவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொல்ல வேண்டியவள் செண்பகவல்லிதான்.

"ஆஸ்பத்திரிக் குப்பையக் கொட்ட மாட்டாங்க தம்பி" என்றாள். "கொண்டுபோய் அன்னன்னிக்கே எரிச்சிடுவாங்க."

அவன் மெதுவாகத் தலையசைத்தான்.

"அவளையும் அன்னிக்கே எரிச்சிட்டாங்கக்கா" என்றான்.